கர்ப்ப கால இரவு வியர்வை: எது இயல்பு, எதைச் சொல்ல வேண்டும்?

"இரவிலை உடுப்பெல்லாம் நனைஞ்சு போகுது" என்று கிளினிக்கில் தாய்மார் சொல்வதைக் குடும்பநல உத்தியோகத்தரான நான் அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. கர்ப்ப காலத்தில் குருதியின் நீர்ப்பகுதி 40 முதல் 50 வீதம் வரை கூடுகிறது. தோலுக்குப் பாயும் குருதியும் கூடும். உடல் வழமையை விடக் கூடுதலாக வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை வெளியேற்றும் வழிதான் வியர்வை. பிள்ளை பிறந்த பின்னரும் சில கிழமைகளுக்கு இது இருக்கலாம்.

எங்கள் வீடுகளும் சூட்டைக் கூட்டுகின்றன. பகல் முழுக்கத் தகரக் கூரை காயும்; சீமெந்துக் கல் சுவர் உறிஞ்சிய சூட்டை இரவில் வெளிவிடும். தகரத்தின் மேல் கிடுகு பரப்பினால் வித்தியாசம் தெரியும். யன்னலைத் திறந்து படுங்கள் என்பது சொல்ல இலகு. ஆண் துணையில்லாத வீட்டில் அது நடக்காது. கம்பியும் வலையும் அடித்த ஒரு யன்னலாவது இருந்தால் பயமின்றித் திறந்து வைக்கலாம். ஸ்பொன்ஞ் மெத்தையை விடப் பன்பாய் நல்லது. நைலோன் நைற்றியை விடப் பழைய பருத்திச் சேலை நல்லது. படுக்குமுன் உடம்பு கழுவுங்கள். இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு, உறைப்புக் குறைத்துச் சாப்பிடுங்கள்.

மலசலகூடம் வளவின் கோடியில் இருப்பதால், இரவில் எழும்பப் பயந்து தண்ணீரைக் குறைக்கும் தாய்மார் பலர். வியர்க்கும் உடம்புக்கு இது கூடாது. சிறுநீர்த் தொற்றும் வரலாம். பகலிலேயே கூடுதலாகக் குடித்துவிடுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதிய நீர் குடிக்கிறீர்கள். மோர், கஞ்சி எல்லாம் நல்லவை. நீரிழிவு உள்ளவர்கள் இளநீரை அளவோடு குடிக்க வேண்டும். சூட்டுச் சாமான் என்று முட்டையையும் மீனையும் விலக்கச் சொல்லும் மாமியாரிடம், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: விலக்கத் தேவையில்லை.

இனி, இயல்பல்லாதவை. வெப்பமானி 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காட்டினால் அது காய்ச்சல். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். டெங்குவோ எலிக்காய்ச்சலோ கர்ப்பிணிக்கு ஆபத்தானவை. பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல், நோ மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்து, நிறையும் ஏறாவிட்டால் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். கை நடுக்கமும் ஓயாத படபடப்பும் தைரொயிட் கோளாறாக இருக்கலாம். இன்சுலின் போடுபவர் நடுங்கி வியர்த்தால் சீனி இறங்கியிருக்கக்கூடும்; உடனே இனிப்பாக ஏதாவது குடிக்க வேண்டும். மயக்கம், மூச்சுத்திணறல், பிள்ளைத் துடிப்புக் குறைவு என்றால் விடியும்வரை காத்திராமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

இன்னொரு வியர்வை இருக்கிறது. அதைத் தாய்மார் சூடு என்றுதான் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு போனால் வேறு கதை வரும்: திடுக்கிட்டு விழித்திருப்பார், நெஞ்சு அடித்திருக்கும், கனவில் பங்கருக்குள் இருந்திருப்பார். இன்று வயிற்றில் பிள்ளையோடு வருபவர்களில் பலர் 2009 மே மாதத்தில் சிறுமிகள். கர்ப்பத்தில் நித்திரை அடிக்கடி குலைவதால் கனவுகள் நினைவில் நிற்கின்றன. வருகிற பிள்ளையைப் பற்றிய பயம் பழைய பயத்தைக் கிளறுகிறது. மே மாதத்தில் வெக்கையும் சேர்ந்துகொள்வதால் எது எதென்று பிரித்தறிவதும் கடினம்.

காய்ச்சல் இல்லை, அறையும் குளிர்ச்சி, ஆனாலும் பயந்து விழித்து வியர்க்கிறது என்றால் அதைச் சொல்லுங்கள். விழித்ததும் விளக்கைப் போட்டு, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, முகம் கழுவி, மூச்சை மெதுவாக விடுங்கள். இது பைத்தியம் அல்ல. பேச்சு வழியாகவே பலருக்குக் குறைகிறது. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு உண்டு; 1926 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் பேசலாம். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் வியர்வையைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேளுங்கள். கூட வந்தவர்களுக்கு முன்னால் சொல்ல விருப்பமில்லை என்றால், "தனிய ஒருக்கா கதைக்க வேணும்" என்று உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் போதும். மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்வது எங்கள் பொறுப்பு.