திரை ஓரத்தில் தொலையும் எழுத்துகள்

துவாஸ் தங்குவிடுதியின் பொழுதுபோக்கு அறையில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஓடுகிறது. பந்து தெரிகிறது, மட்டையாளர் தெரிகிறார். எத்தனை ஓவர் மிச்சம் என்பது மட்டும் தெரியவில்லை. ஓட்ட எண்ணிக்கை காட்டும் பட்டையின் கீழ்ப்பாதி திரைச் சட்டத்துக்குள் புதைந்து கிடக்கிறது. செய்தி ஒளிவழிக்கு மாற்றினால் அடியில் ஓடும் எழுத்துகளுக்கும் அதே கதி. தமிழில் இது கூடுதல் தொல்லை. கு, கூ, து, தூ எல்லாம் வேறுபடுவது எழுத்தின் அடிப்பகுதியில்தான். அது வெட்டுப்பட்டால் ஊர்ப் பெயரைக்கூட ஊகித்துத்தான் படிக்க வேண்டும்.

பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. இதற்குப் பெயர் ‘ஓவர்ஸ்கேன்’. வரும் படத்தைத் தொலைக்காட்சி சற்றுப் பெரிதாக்கி, நான்கு ஓரங்களையும் திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

இது பழைய காலத்து வழக்கம். சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15ஆம் தேதி தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியபோது வீடுகளில் இருந்தவை கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள். அவற்றில் மின்னணுக் கதிர் ஒன்று வரிவரியாக ஓடிப் படத்தை வரையும். மின்னழுத்தம் ஏறி இறங்கினாலோ, பாகங்கள் சூடேறினாலோ, பெட்டி பழசானாலோ படத்தின் அளவு சுருங்கும், விரியும். ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் வாங்கியவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். எனவே படத்தைச் சட்டத்தைவிடப் பெரிதாகவே வரையும்படி பெட்டிகளை அமைத்தார்கள். ஒளிபரப்பாளர்களும் எழுத்துகளை ஓரத்திலிருந்து தள்ளியே போட்டார்கள்.

இன்றைய தட்டைத் திரையில் கதிர் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் நிலையான இடம் உண்டு. இங்கு அனலாக் ஒளிபரப்பும் 2018 இறுதியோடு நின்றுவிட்டது. ஆனாலும் பல பெட்டிகள், குறிப்பாக ஊர் திரும்புவோர் விட்டுச்செல்லும் பழைய அகலத்திரைப் பெட்டிகள், அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இழப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு உயர்தெளிவுப் படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080. பெட்டி 5 விழுக்காட்டை வெட்டினால் எஞ்சுவது 1,824க்கு 1,026. மேலும் கீழும் 27 வரிகள், இடமும் வலமும் 48 புள்ளிகள் போய்விடும். மிஞ்சியதை மறுபடி இழுத்துத் திரையை நிரப்புவதால் படத்தின் கூர்மையும் மங்கும். அதனால்தான் கணினியை இணைத்தால் எழுத்துகள் பூசினாற்போலத் தெரிகின்றன.

சரிசெய்யக் காசு வேண்டாம், ரிமோட் போதும். பட அளவு அல்லது பட விகிதம் என்ற பகுதிக்குப் போக வேண்டும். பெயர்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. எல்ஜி பெட்டிகளில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சுங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘டிஸ்ப்ளே ஏரியா’வுக்குள் ‘ஃபுல் பிக்சல்’, பிலிப்சில் ‘அன்ஸ்கேல்டு’, ஷார்ப்பில் ‘டாட் பை டாட்’. பானசோனிக்கில் ‘ஓவர்ஸ்கேன்’ என்றே இருக்கும். அதை அணைக்க வேண்டும். பல பெட்டிகளில் உயர்தெளிவுப் படம் வந்துகொண்டிருக்கும்போது மட்டுமே இந்தத் தெரிவு தென்படும். ஆகவே முதலில் படத்தை ஓடவிட்டு, பிறகு தேடுவது நல்லது. முதல் எச்டிஎம்ஐ துளைக்குச் செய்த மாற்றம் இரண்டாவதற்கும் பொருந்தும் என்றும் எண்ண வேண்டாம். தனித்தனியே செய்ய வேண்டியிருக்கலாம்.

பெட்டியில் அப்படியொரு தெரிவே இல்லையென்றால், இணைத்திருக்கும் கருவியில் பார்க்கலாம். ஃபயர் டிவி குச்சியில் திரை அமைப்புக்குள் ‘கேலிபிரேட் டிஸ்ப்ளே’ உண்டு. நான்கு மூலைகளிலும் அம்புக்குறிகள் முழுதாகத் தெரியும்வரை படத்தைச் சுருக்கலாம். கணினியின் ஏஎம்டி, என்விடியா அமைப்புகளிலும் இத்தகைய வசதி இருக்கிறது. ஆனால் இது இரண்டாம் வழிதான். கருவி சுருக்க, தொலைக்காட்சி பெரிதாக்க, படம் இருமுறை பிசையப்பட்டுக் கலங்கிவிடும். முதலில் தொலைக்காட்சி, முடியாவிட்டால்தான் கருவி.

முகங்கள் அகன்று, நடிகர்கள் எல்லாரும் ஒரு சுற்றுப் பருத்துத் தெரிந்தால் அது வேறு கோளாறு. 4:3 விகிதத்தில் வரும் படத்தை 16:9 திரைக்கு இழுத்திருக்கிறார்கள். அதை 4:3 ஆகவே வைத்தால் இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி. பட்டை பிடிக்காமல் ‘ஸூம்’ போட்டால் படத்தின் உயரத்தில் கால்பங்கு காணாமல் போகும். துணைவரிகளும் அதோடு போய்விடும்.

ஓவர்ஸ்கேனை விட்டுவைக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. பழைய ஒளிநாடாவை, அல்லது அனலாக் காலத்துப் பதிவை ஓடவிடும்போது திரையின் உச்சியில் வெள்ளைக் கோடுகள் துடிக்கலாம். அவை படத்தோடு சேர்ந்து அனுப்பப்பட்ட தகவல் குறியீடுகள். பார்வையாளர் கண்ணில் படக்கூடாது என்பதே ஏற்பாடு. அங்கே ஓரம் மறைவதே நல்லது.

வேலையிடங்களில் பாதுகாப்பு விளக்கத்துக்குத் தொலைக்காட்சியைப் பயன்படுத்துவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவசரத் தொலைபேசி எண்ணைப் பெரும்பாலும் பக்கத்தின் கடைசி வரியில்தான் போடுகிறார்கள். 995 என்ற எண் சட்டத்துக்குள் மறைந்துபோனால் பின்வரிசையில் இருப்பவருக்கு அப்படி ஒரு வரி இருந்ததே தெரியாது. கணினித் திரையின் நான்கு மூலைகளையும் தொலைக்காட்சியில் காணும் மூலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பணிப்பட்டை முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகு கூட்டத்தைத் தொடங்கலாம்.