டம்டம் குண்டும் அட்டைச் சுவரும்

போன வருஷம் டல்லாஸ் பக்கத்தில் நண்பன் வீட்டில் நாலு நாள் டேரா போட்டிருந்தேன். அவன் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீட்டில் பின்கதவை உடைத்துத் திருட்டு. தங்கமணி ராத்திரியில் தூங்குவதே இல்லையாம். பயல் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிவிட்டான். "தோட்டா வாங்கணும்டா, துணைக்கு வா" என்று என்னையும் கிளப்பினான். தீபாவளிக்கு ரோல் கேப் வெடித்ததைத் தவிர நமக்கும் துப்பாக்கிக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. இருந்தாலும் போனேன். வேடிக்கை பார்க்கிறதுன்னா நாம எங்க விட்டிருக்கோம் :-)

கடையில் நம்ம ஊர் மளிகைக் கடையில் சோப்பு அடுக்கின மாதிரி தோட்டா டப்பாக்கள். நண்பன் இருப்பதிலேயே விலை குறைந்த டப்பாவை எடுத்து நீட்டினான். கல்லாவில் இருந்த பெரியவர் எதுக்கு என்று கேட்டார். வீட்டுப் பாதுகாப்புக்கு என்றான். அவர் அடுத்துக் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்கே காரணம். "உன் பெட்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குறாங்க?"

"என் பொண்ணு."

பெரியவர் டப்பாவைத் திருப்பி வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அது குறி பார்த்துப் பழகுவதற்காம். வேறொன்றை எடுத்து, பிரித்துக் காட்டினார். குண்டின் முனையில் குழி. பார்த்ததும் நான் பெரிய மேதாவி மாதிரி, "இது டம்டம் குண்டாச்சே, உலகம் பூரா தடை பண்ணினதாச்சே" என்று உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே, தடை போருக்குத்தான், வீட்டுக்கு இல்லை என்றார். டம்டம் என்ற வார்த்தை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அது இந்தியாவில் ஒரு ஊர் என்பது தெரியாது. குண்டு வெடிக்கிற சத்தம்னு நினைச்சிருக்கார் மனுஷன்!

ஊர் திரும்பியதும் தோண்டித் துருவிப் படித்தேன். போர்க்களத்துக்கு ஆகாத கொடூரம் என்று தள்ளிய சரக்கு, குழந்தை தூங்குகிற வீட்டுக்கு மட்டும் எப்படி நல்லதாச்சு? அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில், இப்போ விமான நிலையம் இருக்கிற இடம்தான் டம்டம். கும்பெனிக் காலத்திலேயே பீரங்கிப் படையின் இருப்பிடம், தோட்டாக் கிடங்கு. 1857 ஜனவரியில் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறார்கள் என்ற பேச்சு முதலில் கிளம்பியதும் இதே டம்டமில்தான். ஒரே ஊர் இரண்டு முறை தோட்டாவால் சரித்திரத்தில் ஏறியிருக்கிறது.

இரண்டாவது முறை வந்தது 1890களில். அதுவரை பிரிட்டிஷ் சிப்பாய் கையில் இருந்தது மார்ட்டினி ஹென்றி. அதன் குண்டு சுமார் 11 மில்லிமீட்டர் குறுக்களவு, 31 கிராம் எடை, வெறும் ஈயம். பட்டால் உடம்புக்குள் நசுங்கிப் பெரிதாகும், ஆள் அங்கேயே விழுவான். 1888இல் வந்த லீ மெட்ஃபோர்டு துப்பாக்கியில் குண்டு இளைத்துப்போய் 7.7 மில்லிமீட்டர், 14 கிராம். ஆனால் வேகம் அதிகம். அந்த வேகத்தில் வெறும் ஈயத்தைச் சுட்டால் ஈயம் குழாயின் உள்வரிகளில் அப்பிக்கொள்ளும். அதனால் மேலே கெட்டியான உலோக உறை போட்டார்கள். இன்றைக்கு ஃபுல் மெட்டல் ஜாக்கெட் என்கிறார்களே, அதுதான். உறை போட்ட குண்டு நசுங்காது. ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

1895 சித்ரால் படையெடுப்பில் இது வினையாகிவிட்டது. எல்லைப்புறப் பழங்குடிகள் குண்டு பட்டும் நிற்காமல் வாளோடு ஓடி வருகிறார்கள், இந்தத் துப்பாக்கி உதவாது என்று சிப்பாய்கள் புலம்பினார்கள். டம்டம் தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி கிளே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். உறையை முனையில் மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டார். ஈயம் வெளியே எட்டிப் பார்க்கும், பட்டதும் முனை காளான் மாதிரி விரியும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. 1897, 98இல் திரா படையெடுப்பில் அஃப்ரீதிகள் மேல் இதைப் பயன்படுத்தினார்கள். அதற்குள் இங்கிலாந்தில் ஊல்விச் தொழிற்சாலையில் முனையில் குழி வைத்த வகையும் தயாராகிவிட்டது. டல்லாஸ் பெரியவர் காட்டியதன் தாத்தா என்று சொல்லலாம்.

1899 மே மாதம் ரஷ்ய ஜார் இரண்டாம் நிக்கோலஸ் கூப்பிட்டு ஹேக் நகரத்தில் சமாதான மாநாடு கூடியது. 26 நாடுகள். அங்கே இந்தக் குண்டு பஞ்சாயத்துக்கு வந்தது. ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்து அறுவை மருத்துவர் புருன்ஸ் ஏற்கனவே சோதனைகள் செய்து, இவை உண்டாக்கும் காயம் பயங்கரம் என்று எழுதியிருந்தார். அவர் சோதித்தது டம்டமில் செய்த குண்டையே அல்ல! வேட்டைக்குப் பயன்படும், ஈயம் இன்னும் அதிகம் வெளியே தெரியும் மௌசர் குண்டு. பிரிட்டிஷ்காரர்கள் கத்திக் கத்திச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

பிரிட்டன் சார்பில் பேசிய ஜெனரல் ஆர்டா வைத்த வாதம்தான் படிக்கிறபோது ரத்தம் கொதிக்க வைக்கும். நாகரிகமடைந்த சிப்பாய் குண்டு பட்டால் தனக்கு அடிபட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவானாம். காட்டுமிராண்டி அப்படி இல்லையாம், வந்துகொண்டே இருப்பானாம். ஆக ஐரோப்பியனுக்கு ஒரு குண்டு, நம்ம கண்டத்து ஆளுக்கு வேறு குண்டு. எதிர்த்து ஓட்டுப் போட்டது பிரிட்டனும் அமெரிக்காவும் மட்டும். 1899 ஜூலை 29 தேதியிட்டுப் பிரகடனம் வந்தது: உடம்புக்குள் எளிதில் விரியும், தட்டையாகும் குண்டுகள் போரில் கூடாது. பிரிட்டன் 1907இல்தான் வழிக்கு வந்தது.

(அப்புறம் 1910இல் அதே துப்பாக்கிக்கு மார்க் 7 என்று கூர்முனைக் குண்டு கொண்டுவந்தார்கள். முழுசாக உறை போட்டது, சட்டப்படி சுத்தம். ஆனால் உள்ளே முனைப் பக்கம் அலுமினியம், பின்பக்கம் ஈயம். பின்கனம் காரணமாக உடம்புக்குள் போனதும் குட்டிக்கரணம் அடிக்கும். சட்டம் போட்டவன் கோலத்தில் நுழைந்தால் சிப்பாய் புள்ளியில் நுழைவான்!)

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஹேக்கில் பேசினவர்கள் எல்லோரும் குண்டு யார் மேல் படுகிறதோ அவனைப் பற்றித்தான் பேசினார்கள். அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது போர்க்களத்தில் கேள்வியே இல்லை. பின்னால் நிற்பவனும் எதிரிதானே. ஊருக்குள், தெருவில் சுடும்போதுதான் அந்தப் பின்னால் நிற்கிற ஆள் கதைக்குள் வருகிறார்.

நியூயார்க் நகரப் போலீஸ் 1993இல் பழைய ரிவால்வரை விட்டு 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மாறியது. குண்டு மட்டும் முழு உறை போட்டது. குழிமுனைக் குண்டு என்றாலே டம்டம், கொடூரம் என்ற பெயர் இருந்ததே. விளைவு என்ன ஆச்சு தெரியுமா? 1998இல் போலீஸ் துறையே வெளியிட்ட கணக்கு இது. 1995, 96 இரண்டு வருஷத்தில் இந்த உறைக் குண்டு சம்பந்தமில்லாத 15 பேர் மேல் பாய்ந்தது. அதில் 5 பேருக்குப் பட்டது இன்னொருவர் உடம்பைத் துளைத்து வெளியே வந்த குண்டு. 2 பேருக்கு, ஏதோ பொருளைத் துளைத்து வந்தது. போலீஸ்காரர்களே 44 பேர் போலீஸ் குண்டில் அடிபட்டிருந்தார்கள். அவர்களில் 17 பேருக்கு அது வேறொருவர் உடம்பு வழியாக வந்தது. குழிமுனைக்கு மாறப்போகிறோம் என்று அந்த ஜூலையில் கமிஷனர் ஹோவர்ட் சாஃபிர் அறிவித்தார். 1899இல் எதைக் கொடூரம் என்றார்களோ, அதையே 1998இல் வழிப்போக்கனைக் காப்பாற்ற என்று வாங்கினார்கள்.

மாறி முடிப்பதற்குள் 1999 பிப்ரவரி 4. பிராங்ஸ் பகுதியில் தன் வீட்டு வாசலில் நின்றிருந்த அமடூ டியாலோ என்ற கினி நாட்டு இளைஞரை நாலு போலீஸ்காரர்கள் சுட்டார்கள். கையில் ஆயுதம் இல்லை. 41 குண்டுகள், பட்டது 19. அவர்கள் துப்பாக்கியில் இருந்தது பழைய உறைக் குண்டு. ஊடுருவிப் போகிற குண்டானதால்தான் அவர் உடனே விழவில்லை, அதனால்தான் சுட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று பிறகு ஒரு வாதம் வந்தது. எனக்கு இந்த வாதத்தில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆயுதமில்லாதவனைச் சுட்டதற்குக் குண்டின் வகை என்ன செய்யும்?

சரி, அப்படியென்றால் சீக்கிரம் நிற்கிற குண்டாகப் பார்த்து வாங்கினால் போச்சு, என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 1970களில் விமானத்தில் சுடுவதற்கு ஏற்றது என்று கிளேசர் சேஃப்டி ஸ்லக் என்று ஒன்று வந்தது. செம்பு உறைக்குள் பொடி ரவைகள், பட்டதும் சிதறிவிடும். பின்னால் இருப்பவருக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் ஆழமாகப் போகாது. எதிராளி தடித்த கோட்டு போட்டிருந்தாலோ, கையைக் குறுக்கே நீட்டியிருந்தாலோ கதை கந்தல்.

அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்பிஐ மடக்கியது. பிளாட் என்ற கொள்ளையன் மேல் ஆரம்பத்திலேயே ஒரு 9 மில்லிமீட்டர் குழிமுனைக் குண்டு பாய்ந்தது. வலது கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போய், இதயத்துக்கு ஏறக்குறைய ஒரு இஞ்ச் முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்கப்புறமும் சுட்டான். இரண்டு அதிகாரிகள் செத்தார்கள். இதற்குப் பிறகு எஃப்பிஐ ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்து ஒரு அளவு வைத்தது: குறைந்தது 12 இஞ்ச், அதிகபட்சம் 18 இஞ்ச் போகணும். 1989இல் வந்த அவர்கள் அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், ஊடுருவிப் போகும் என்ற பயமே மிகை, போதிய ஆழம் போகாததால்தான் அதிகாரிகள் சாகிறார்கள் என்றது. ஒன்பதே வருஷம் கழித்து நியூயார்க் கணக்கு வந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் தலை சுற்றும். சுடுகிறவன் உயிரா, பின்னால் நிற்கிறவன் உயிரா? குழிமுனை என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம், அவ்வளவுதான்.

டல்லாஸுக்கு வருவோம். பெரியவர் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆளுக்குள் நிற்பதற்காகச் செய்த குண்டு, ஆள் மேல் பட்டால்தான் நிற்கும். தவறினால்? அமெரிக்க வீட்டு உள்சுவர் என்பது மரச்சட்டத்தில் இரண்டு பக்கமும் அரை இஞ்ச் ஜிப்சம் அட்டை, நடுவில் காற்று. நம்ம ஊர் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் கைத்துப்பாக்கிக் குண்டை வாங்கி வைத்துக்கொள்ளும். இது வைத்துக்கொள்ளாது. குழிமுனையில் ஜிப்சம் பொடி போய் அடைத்துக்கொண்டால் அப்புறம் அது விரியாது, சாதா குண்டு மாதிரி அடுத்தடுத்த சுவர்களையும் துளைத்துப் போகும். வேடிக்கை என்னவென்றால், எடை குறைந்த, சீக்கிரம் உடைகிற சில ரைஃபிள் குண்டுகள் இந்த அட்டைகளில் பிஸ்டல் குண்டைவிடக் குறைவான தூரமே போகின்றன. பறவை சுடும் பொடி ரவை இன்னும் சீக்கிரம் நிற்கும், ஆனால் ஆளையும் நிறுத்தாது. ஆளை நிறுத்தக்கூடிய எதுவும் அட்டைச் சுவரையும் தாண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதனால் எந்த டப்பா என்பதைவிட எந்தத் திசை என்பதைப் பார் என்றார்.

நண்பன் குழிமுனை டப்பா ஒன்று வாங்கினான். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கையோடு, சுவரை விரலால் தட்டிக்கொண்டே அறை அறையாக நடந்தோம். டொக் டொக் என்று எல்லாம் பொள்ளல். அவன் கட்டில் பக்கம் நின்று வாசல் கதவைப் பார்த்தால் நேர்கோட்டில் நடைவழி, அதற்கு அப்பால் ஒரே ஒரு சுவர், அதில் ஒட்டி மகள் கட்டில். தலைமாடு சரியாக அந்தக் கோட்டில். பயல் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வீட்டில் கெட்டியாக இருந்தது ஹாலில் கணப்படுப்புக்குக் கட்டின செங்கல் மட்டும்தான்.

இரண்டு பேருமாக அந்தக் கட்டிலை எதிர் மூலைக்குத் தள்ளினோம். ஏதாவது சத்தம் கேட்டால் எல்லோரும் அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 911ஐக் கூப்பிடுவது, அவன் வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்று வாசலைப் பார்ப்பது, அவளை நோக்கிய திசையில் எந்தக் காரணத்துக்காகவும் துப்பாக்கி திரும்பக் கூடாது என்று முடிவாயிற்று. தோட்டாவும் துப்பாக்கியும் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போயின.

மறுநாள் காலையில் மகள் எழுந்து வந்து, கட்டில் ஏன்ப்பா அந்தப் பக்கம் போச்சு என்று கேட்டாள். "ஜன்னல் பக்கம் வெயில் அடிக்குதும்மா" என்றான். அந்த ஜன்னல் வடக்கு பார்த்தது.

டிஸ்கி: இது சரித்திரப் பதிவு, ஆலோசனை இல்லை. எந்த டப்பா வாங்கலாம் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், அடியேனுக்கு ரோல் கேப்தான் தெரியும் :-)