சிறு நிறுவனங்களுக்குக் குழந்தைகள் காப்பகம்: சட்டம் கூறுவது என்ன? ஒப்பந்தத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை எவை?

புது தில்லி: ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு முதல் சட்டக் கடமையாக இருந்து வருகிறது. ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் பெரிய நிறுவனங்கள் தங்கள் வளாகத்திலேயே காப்பகம் அமைத்துக்கொள்ள முடியும். 60 அல்லது 80 பேர் பணிபுரியும் ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்துக்கோ, மருத்துவ ஆய்வகத்துக்கோ அது எளிதன்று. இத்தகைய நிறுவனங்களுக்கு வெளியில் இயங்கும் காப்பகம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொள்வதே நடைமுறைக்கு உகந்த வழியாக உள்ளது.

அந்தக் காப்பகத்தைக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் தேர்வு செய்தால், வசதி காகிதத்தில் இருக்கும். குழந்தையோ வீட்டில் இருக்கும். பேறுகால விடுப்பு முடிந்த பெண் பணியாளர் வேலைக்குத் திரும்புவாரா, விலகுவாரா என்பதை முடிவு செய்வதில் இந்தத் தேர்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

சட்டம் என்ன கூறுகிறது?

1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன்கள் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. காப்பக வசதி தொடர்பான பிரிவு 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததைத் தொடர்ந்து, பேறுகாலப் பயன்கள் அனைத்தும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வந்துள்ளன. இத்தொகுப்பின் 67-ஆவது பிரிவு, 50 பணியாளர்கள் அல்லது மத்திய அரசு நிர்ணயிக்கும் எண்ணிக்கையிலான பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், விதிகளில் குறிப்பிடப்படும் தூரத்துக்குள் காப்பக வசதி வைத்திருக்க வேண்டும் என்கிறது.

குழந்தையின் தாய் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்துக்குச் சென்றுவர நிறுவனம் அனுமதிக்க வேண்டும். அவருக்குரிய ஓய்வு இடைவேளையும் இந்த நான்கில் அடங்கும். பாலூட்டுவதற்காகக் குழந்தைக்கு 15 மாதங்கள் நிறைவடையும் வரை தினமும் இரண்டு இடைவேளைகள் வழங்கவும் சட்டம் வகை செய்கிறது. பணி நியமனத்தின்போதே பேறுகாலப் பயன்கள் குறித்து ஒவ்வொரு பெண் பணியாளருக்கும் எழுத்து மூலமாகவும் மின்னணு முறையிலும் தெரிவிக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய முக்கிய அம்சம், எண்ணிக்கை கணக்கிடப்படும் முறையாகும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 30-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் பணிபுரியும் இடத்தில் காப்பகம் தேவை என்றது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் 50-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் என்று வரையறுத்தது. பெண்களின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைத்தால், அந்த வரம்பைத் தாண்டாமல் பெண்களை வேலைக்கு அமர்த்தும் போக்குக்கு இடம் ஏற்படும். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண், பெண் இருபாலரையும் சேர்த்தே 50 பேர் என்று கணக்கிட்டது. ஆகவே, பெண் பணியாளர்கள் ஐந்து பேரே உள்ளனர் என்பதை ஒரு நிறுவனம் காரணமாகக் கூற முடியாது.

புள்ளிவிவரம் காட்டும் நிலை

தொழிலாளர் பங்கேற்பு குறித்த மத்திய அரசின் காலமுறை ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு விகிதம் 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-இல் 41.7 சதவீதமாக உயர்ந்தது. வீட்டுப் பொறுப்பு அதே அளவில் பகிரப்படவில்லை. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதத்தினர் குடும்பத்தினரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுவதாகவும், அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 140 நிமிடங்கள் செலவிடுவதாகவும் தெரியவந்தது. ஆண்களில் இப்பணியில் ஈடுபடுவோர் 21.4 சதவீதத்தினர்; அவர்கள் செலவிடும் நேரம் 74 நிமிடங்கள்.

முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும்

காப்பகங்களைப் பார்வையிடப் புறப்படுவதற்கு முன், நிறுவனத்துக்குள் ஒரு கணக்கெடுப்பு அவசியம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன, பெற்றோரின் பணி நேரம் எது, வீடு எந்தத் திசையில் உள்ளது, அடுத்த ஆறு மாதங்களில் விடுப்பிலிருந்து திரும்புவோர் எத்தனை பேர் ஆகிய ஐந்து விவரங்கள் போதுமானவை.

ஒப்பந்தப் பணியாளர்களையும் தற்காலிகப் பணியாளர்களையும் இக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதல்கள், தினக்கூலி, ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிவோர் உள்ளிட்ட அனைவரின் குழந்தைகளுக்கும் காப்பகம் திறந்திருக்க வேண்டும் என்று கூறுகின்றன. தந்தையரையும் கேட்பது நல்லது. மனைவி வேறிடத்தில் பணிபுரியும் ஆண் பணியாளருக்கும் இத்தேவை உண்டு.

எந்த வழி பொருத்தமானது?

நிறுவனம் தானே காப்பகம் நடத்தலாம். அரசு, நகராட்சி, தனியார், தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் ஒன்று நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்தலாம். பல நிறுவனங்கள் நிதியைத் திரட்டிக் கூட்டாக ஒரு காப்பகம் அமைக்கலாம். இவை அனைத்தையும் 67-ஆவது பிரிவு அனுமதிக்கிறது.

சிறு நிறுவனத்துக்கு இதில் எது கட்டுப்படியாகும் என்பதை எளிய கணக்கு ஒன்று தெளிவாக்கும். 2018 வழிகாட்டுதல்கள் 30 குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் என்ற அளவை முன்வைக்கின்றன. 60 பேர் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்து குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து குழந்தைகளுக்காகத் தனி இடம், மேற்பார்வையாளர், பராமரிப்பாளர், உதவியாளர், சமையல் வசதி ஆகியவற்றை ஏற்படுத்தினால் ஒரு குழந்தைக்கான செலவு மிக அதிகமாகும். ஒரே தொழிற்பேட்டையில் அதே அளவிலான ஆறு நிறுவனங்கள் இணைந்தால் 30 குழந்தைகள் சேர்ந்துவிடுவர். செலவு ஆறாகப் பிரியும். தனித்தனியே பேரம் பேசுவதைவிடத் தொழிற்பேட்டைச் சங்கத்தின் மூலம் கூட்டாக ஒப்பந்தம் செய்வது, தரத்தை வலியுறுத்தும் வலிமையையும் தருகிறது.

தொண்டு நிறுவனங்களும் கூட்டுறவு அமைப்புகளும் இத்துறையில் நீண்ட அனுபவம் பெற்றவை. 1969-இல் தில்லியில் கட்டுமானத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட மொபைல் கிரெச்சஸ், ஆமதாபாதில் சேவா அமைப்பின் பின்னணியில் உருவான சங்கினி குழந்தைகள் பராமரிப்புக் கூட்டுறவு ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

காப்பகம் நடத்தாமல் பணமாக வழங்கலாமா என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. சட்டப் பிரிவு பேசுவது வசதியைப் பற்றி. ஆகவே, படியாக மட்டும் வழங்க நினைக்கும் நிறுவனம், தனக்குப் பொருந்தும் மத்திய அல்லது மாநில விதிகள் அதை ஏற்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தூரமே முதல் அளவுகோல்

பணியிடத்திலோ அதிலிருந்து 500 மீட்டருக்குள்ளோ காப்பகம் அமைய வேண்டும் என்பது 2018 வழிகாட்டுதல்களின் பரிந்துரை. இதன் காரணத்தை நான்கு முறை சென்றுவரும் உரிமையுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 500 மீட்டரை ஏழு நிமிடங்களில் நடந்துவிடலாம். சென்று திரும்ப கால் மணி நேரம் ஆகும். காப்பகம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, ஒருவழிப் பயணம் 20 நிமிடங்கள் எடுத்தால், நான்கு முறை சென்றுவர 160 நிமிடங்கள் தேவைப்படும். எந்தத் தாயும் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது. எந்த மேலாளரும் அதை மனமுவந்து அனுமதிக்க மாட்டார். தொலைவில் உள்ள மலிவான காப்பகம், உரிமையைச் சொல்லாமலே பறித்துவிடும்.

ஆறு மாதக் குழந்தையை ஏற்பார்களா?

26 வார விடுப்பு முடியும்போது குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகியிருக்கும். மகப்பேற்றுக்கு முன்பே விடுப்பு எடுத்திருந்தால் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். வழிகாட்டுதல்கள் குறிப்பிடும் வயதும் ஆறு மாதம் முதல் ஆறு ஆண்டுகள் வரை. ஆனால் காப்பகம் என்ற பெயரில் இயங்கும் மழலையர் பள்ளிகளில், நடக்கத் தொடங்கிய பிறகே குழந்தையைச் சேர்த்துக்கொள்பவையும் உள்ளன. அத்தகைய இடத்துடன் ஒப்பந்தம் செய்தால், மிகவும் தேவைப்படும் காலத்தில் வசதி கிடைக்காது. எனவே, கேட்க வேண்டிய முதல் கேள்வி கைக்குழந்தைகளை ஏற்பார்களா என்பதே.

அடுத்த கேள்வி, எத்தனை குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது. மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர், மூன்று வயதுக்கு மேற்பட்ட 20 குழந்தைகளுக்கு ஒருவர் என்பது வழிகாட்டுதல்களில் உள்ள குறைந்தபட்ச அளவு. பயிற்சி பெற்ற பராமரிப்பாளருக்கு உதவியாளரும் இருக்க வேண்டும். பத்துக் கைக்குழந்தைகளை ஒருவர் கவனிப்பது கடினம் என்பதால், இதைவிடச் சிறந்த விகிதம் உள்ள இடத்துக்கு முன்னுரிமை அளிக்கலாம். காட்டப்படும் பதிவேட்டை மட்டும் நம்பாமல், பிற்பகல் வேளையில் முன்னறிவிப்பின்றிச் சென்று எண்ணிப் பார்ப்பது உண்மை நிலையைக் காட்டும்.

பாதுகாப்பு அம்சங்கள்

தரைத்தளம், ஒரு குழந்தைக்குக் குறைந்தது 10 முதல் 12 சதுர அடி இடம், காற்றோட்டம், குடிநீர், குழந்தைகளுக்கேற்ற கழிப்பறை ஆகியவை அடிப்படைத் தேவைகள். தீயணைப்புக் கருவி, அவசர வழி, முதலுதவி, அருகிலுள்ள மருத்துவமனையுடன் தொடர்பு ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும். ஊழியர்கள் அனைவருக்கும், காவலர், ஓட்டுநர் உட்பட, காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றம் பற்றி அறிய வருபவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இக்கடமையைக் காப்பக ஊழியர்கள் அறிந்திருக்கிறார்களா என்று கேட்பதில் தயக்கம் தேவையில்லை. கண்காணிப்புக் கேமரா இருந்தால், பதிவுகளை யார் பார்க்கலாம், எத்தனை நாள் சேமிப்பர் என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

நேரம், கட்டணம், ஒப்பந்தம்

காப்பகம் 8 முதல் 10 மணி நேரம் இயங்க வேண்டும் என்பது பரிந்துரை. காலை 9 மணிக்குத் திறக்கும் காப்பகம், 8 மணிக்குத் தொடங்கும் பணிமுறைக்கு உதவாது. சனிக்கிழமை, பண்டிகை விடுமுறை, பள்ளிகளின் கோடை விடுமுறை ஆகிய நாட்களில் காப்பகம் திறந்திருக்குமா என்பதை ஆண்டு நாள்காட்டியுடன் ஒப்பிட வேண்டும்.

கட்டணம் பொதுவாக இரு முறைகளில் பேசப்படுகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்களை ஒதுக்கி வைத்து மாதந்தோறும் செலுத்துவது ஒன்று. உண்மையில் சேரும் குழந்தைகளுக்கு மட்டும் செலுத்துவது மற்றொன்று. முதல் முறையில் இடம் உறுதி. காலியாக இருந்தாலும் செலவு உண்டு. இரண்டாவது முறையில் செலவு குறைவு. தேவைப்படும்போது இடம் இல்லாமல் போகலாம். தேவை மாறிக்கொண்டே இருக்கும் சிறு நிறுவனம், இரண்டு அல்லது மூன்று இடங்களை ஒதுக்கி, மீதியைப் பயன்பாட்டின் அடிப்படையில் வைத்துக்கொள்வது சமநிலையாக அமையும்.

கட்டணத்தை யார் ஏற்பது என்பதை 67-ஆவது பிரிவு தனியே வரையறுக்கவில்லை. பொருந்தும் மாநில விதிகளைப் பார்க்க வேண்டும். தாயின் ஊதியத்தில் பெரும்பகுதியைப் பிடித்தம் செய்தால் வசதியின் நோக்கமே நிறைவேறாது.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டிய நிபந்தனைகள்:

• காப்பகம் மூடப்படுவதானால் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்பும் மாற்று ஏற்பாடும்.

• பராமரிப்பாளர் விகிதம் குறைந்தால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை.

• முன்னறிவிப்பின்றிப் பார்வையிட நிறுவனத்துக்கும் பெற்றோருக்கும் அனுமதி.

• விபத்துக் காப்பீடும் பொறுப்பு வரையறையும்.

• ஆண்டுக் கட்டண உயர்வுக்கு உச்ச வரம்பு.

• புகார்களுக்கு எழுத்து மூலம் பதிலளிக்கக் காலக்கெடு.

50 பேருக்குக் குறைவான நிறுவனங்கள்

இவற்றுக்குக் காப்பகக் கடமை இல்லை. ஆனால் 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பேறுகால விடுப்பு விதிகள் பொருந்தும். இத்தகைய இடங்களில் பணிபுரியும் பெண்கள், மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தின் அங்கமான 'பால்னா' காப்பகங்களை நாடலாம். அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்கள் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை ஏற்கின்றன. அருகில் அத்தகைய மையம் உள்ளதா என்று விசாரித்துத் தெரிவிப்பது, செலவின்றி ஒரு சிறு நிறுவனம் செய்யக்கூடிய உதவியாகும்.

கையெழுத்துக்குப் பிறகு

ஒப்பந்தம் கையெழுத்தானதும் கடமை முடிந்துவிடுவதில்லை. நியமனக் கடிதத்தில் காப்பகத்தின் முகவரி, நேரம், நான்கு முறை சென்றுவரும் உரிமை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எத்தனை குழந்தைகள் உண்மையில் காப்பகத்துக்கு வருகின்றனர் என்று பார்க்க வேண்டும். தகுதியுள்ள குழந்தைகள் ஐவரில் ஒருவர் மட்டுமே வருகிறார் என்றால், மற்ற நான்கு பெற்றோரிடமும் காரணம் கேட்பது அவசியம். தூரமா, நேரமா, நம்பிக்கையின்மையா என்பது தெரிந்தால், அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேறு காப்பகத்தை நாடுவதா என்பதை முடிவு செய்யலாம்.