இறங்காம ஓட்டினவங்க

இந்த எபிசோட் ஒரு கேள்வியில ஆரம்பிக்குது. கேட்டது என் அக்கா பையன். ஊர் கூனிமேடு. சென்னையிலிருந்து ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போறப்ப, மரக்காணம் உப்பளங்கள் முடிஞ்ச பிறகு வர்ற ஊர். வீக்கெண்ட் ட்ரிப் போற உங்கள்ல பாதிப் பேர் டீ குடிக்கக்கூட நிறுத்தாம தாண்டியிருப்பீங்க. அதுல தப்பில்ல. சென்னைக்கு வந்த பிறகு நானும் அப்படித்தான் பல ஊரைத் தாண்டிக்கிட்டு இருக்கேன்.

பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கூடத்துல அரசாங்கம் குடுத்த விலையில்லா சைக்கிள் கைக்கு வந்த அன்னிக்கே கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, பெல் எல்லாத்தையும் கழட்டிட்டான். முன்சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு ஓட்டுறது, உப்பளத்துக் கரையில ஏறிக் குதிக்கிறது, அதை இன்னொருத்தன் போன்ல எடுக்கிறதுன்னு ஒரு கூட்டமே இருக்கு. பொங்கலுக்குப் போயிருந்தப்ப கேட்டான்: "மாமா, பி.எம்.எக்ஸ். ஓட்டுறது ஒரு வேலையா? படிப்படியா மேல போக முடியுமா?"

"நல்லா பிராக்டிஸ் பண்ணு, எல்லாம் முடியும்டா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ் திண்டிவனம் வர்றதுக்குள்ளயே அது பொய்னு உறைச்சிடுச்சு. ஏன்னா அவன் வயசுல நானும் அதே கரையில அதையே பண்ணினவன். பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வண்டி. ஒருநாள் முன் ஃபோர்க் வளைஞ்சு, மணிக்கட்டு உடைஞ்சு, புத்தூர்க் கட்டோட வீட்ல உக்காந்தேன். அந்தச் செலவு அம்மா உப்பு சுமந்த கூலி. அப்ப இந்தக் கேள்விக்கு எனக்கு யாரும் நேர்மையா பதில் சொல்லல. சொல்றதுக்குத் தெரிஞ்சவங்களும் ஊர்ல இல்ல. அதனால இந்த விளையாட்டோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன். ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடினேன்: இதுல இருந்தவங்க எதை வச்சு சாப்பிட்டாங்க?

1969 ஜூலை 10. நிலாவுல மனுஷன் கால் வைக்கிறதுக்குப் பத்து நாள் முன்னாடி. லாஸ் ஏஞ்சல்ஸ்ல பாம்ஸ் பார்க்னு ஒரு பூங்கா. ஷ்வின் கம்பெனி 1963ல விட்ட ஸ்டிங்-ரே சைக்கிளை வச்சுக்கிட்டுச் சில பசங்க ரேஸ் விடணும்னு நிக்கிறாங்க. இருபது இன்ச் சக்கரம், உயரமான ஹேண்டில்பார், நீளமான சீட். பெரியவங்க ஓட்டுற மோட்டோகிராஸ் பைக் மாதிரியே மண்ணுல பறக்கணும், ஆனா எஞ்சின் வாங்கக் காசில்ல. பூங்காவுல வேலை பார்த்த ரான் மேக்லர்ங்கிற இளைஞருக்கு மோட்டோகிராஸ் தெரியும். பசங்களை விரட்டி விடாம, ரேஸை ஒழுங்குபடுத்திக் குடுத்தார். பி.எம்.எக்ஸ்.ன்னா பைசைக்கிள் மோட்டோகிராஸ். பேர்லயே எஞ்சின் இல்லாத ஏக்கம் இருக்கு.

அடுத்த வருஷம் நவம்பர்ல, லாங் பீச்ல, ஸ்காட் பிரைத்தாப்ட்னு 13 வயசுப் பையன் ஒரு காலி மனையில ரேஸ் வச்சான். வந்தது 35 பேர். ஆளுக்கு 25 சென்ட் நுழைவுக் கட்டணம். பரிசு? மோட்டார் பைக் ரேஸ்ல தான் ஜெயிச்ச கோப்பைகளையே எடுத்துக் குடுத்தான். அடுத்த ரேஸுக்கு 150 பேர் வந்துட்டாங்க. இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம் பொறாமையும்தான். இந்த விளையாட்டுல முதல்ல காசு பார்த்த ஆட்கள்ல ஒருத்தன், ஓட்டிப் பார்க்கல, ரேஸ் நடத்திப் பார்த்திருக்கான். அவர்தான் 1977ல எஸ்.இ. ரேசிங்னு சைக்கிள் கம்பெனியே தொடங்கினார்.

1971ல 'ஆன் எனி சண்டே'ன்னு ஒரு மோட்டார் பைக் ஆவணப்படம். அதோட தொடக்கத்துலயே ஸ்டிங்-ரேல பறக்கிற பசங்க வருவாங்க. அது அமெரிக்கா முழுக்கப் பரவுச்சு. 1974ல யமஹா தன் சைக்கிளை விக்கிறதுக்காகக் கோல்ட் கப் ரேஸ் நடத்தி, இறுதிப் போட்டியை லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியத்துலயே வச்சுது. கவனிங்க, பணம் உள்ள வர்ற வழி இதுதான்: கம்பெனிக்கு வண்டி விக்கணும், அதுக்கு ஒரு பையன் குதிக்கணும். புரொஃபஷனல் ரைடர்ங்கிற ஆள் பிறக்கிறது அந்த இடத்துலதான்.

பாப் ஹாரோவோட கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரேஸ் வண்டிகளுக்கு முன்னாடி மாட்டுற நம்பர் பிளேட்டைக் கையால செஞ்சு வித்தவர். கூடவே ரேஸ் இல்லாத நேரத்துல வண்டியைச் சுத்துறது, பின்னாடி ஓட்டுறது, ஒத்தச் சக்கரத்துல நிக்கிறதுன்னு வித்தை பழகினார். ஃப்ரீஸ்டைல்ங்கிற பிரிவே அவரை வச்சுத்தான் வளர்ந்துச்சுன்னு சொல்வாங்க. 1982ல வந்த ஸ்பீல்பெர்க்கோட 'ஈ.டி.' படத்துல பசங்க சைக்கிள்ல தப்பிக்கிற காட்சி ஞாபகம் இருக்கா? அதுல ஸ்டன்ட் ஓட்டினவங்கள்ல அவரும் ஒருத்தர்.

இதையெல்லாம் போன்ல பையன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த எங்க அம்மா, அதாவது அவனோட ஆயா, குறுக்க வந்தாங்க. "இதுல என்னடா அதிசயம்? நம்ம ஊர்லயே சைக்கிள் சுத்துறவன் வருவானே."

எனக்குச் சட்டுனு உறைச்சுது. எழுபது, எண்பதுகள்ல தமிழ்நாட்டுக் கிராமத்துல வளர்ந்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஒருத்தர் ஊருக்கு வருவார். மைதானத்துல ஒரு கம்பம் நட்டு, மைக் செட் கட்டி, அதைச் சுத்தி சைக்கிள் ஓட்டத் தொடங்குவார். அஞ்சு நாள், ஏழு நாள், இறங்கவே மாட்டார். சாப்பாடு வண்டி மேலயே. குளியல் வண்டி மேலயே. ஓட்டிக்கிட்டே தரையில கிடக்கிற ரூபாய் நோட்டைக் குனிஞ்சு எடுப்பார், ஹேண்டில்பார் மேல காலைப் போட்டு ஓட்டுவார், ட்யூப் லைட்டை நெஞ்சுல அடிச்சு உடைப்பார். ராத்திரி ரெக்கார்டு டான்ஸ். கடைசி நாள் ஊர்ப் பெரியவர் சட்டையில நோட்டைக் குத்தி மாலை போடுவார். மறுநாள் அடுத்த ஊர்.

இவர் யார்? போட்டி இல்ல, பதக்கம் இல்ல, ஆனா சைக்கிள் வித்தையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தினவர். புரொஃபஷனல்ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் அதுதானே? கலிஃபோர்னியாவுல ஹாரோ பார்க்கிங் லாட்ல சுத்தினப்ப, இங்க ஒருத்தர் பள்ளிக்கூட மைதானத்துல சுத்திக்கிட்டு இருந்திருக்கார். அவருக்குப் பின்னாடி சைக்கிள் விக்கணும்னு நினைச்ச கம்பெனி இல்ல, பத்திரிகை இல்ல, சினிமா இல்ல. அதுவும் சைக்கிள் இல்லாத நாடா இது? முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் கம்பெனியோட சேர்ந்து 1949லயே டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிடுச்சு. பி.எஸ்.ஏ.வும் ஹெர்குலிசும் அம்பத்தூர்லருந்துதான் வந்துச்சு. வண்டி இருந்துச்சு, வித்தைக்காரர் இருந்தார். ரெண்டையும் சேர்த்து வைக்க ஒரு பிரைத்தாப்ட் இல்லாம போயிட்டார். டிவி வந்துச்சு, சைக்கிள் சுத்துறவர் காணாமப் போனார். அம்மாவுக்கு அவர் முகம் ஞாபகம் இருக்கு, பேர் ஞாபகம் இல்ல.

அமெரிக்காவுலயும் இது நேரா மேல ஏறின கோடு இல்ல. எண்பதுகளோட கடைசியில மவுசு படுத்துடுச்சு. ஸ்பான்சர்கள் கழண்டுட்டாங்க. அந்தப் பஞ்ச காலத்துல ஓக்லஹோமாக்காரரான மேட் ஹாஃப்மன் 1991ல சொந்தமா சைக்கிள் கம்பெனி ஆரம்பிச்சார், போட்டிகளையும் தானே நடத்தினார். 1995ல ஈ.எஸ்.பி.என். டிவி எக்ஸ்ட்ரீம் கேம்ஸைத் தொடங்கினப்பதான் காசு திரும்ப வந்துச்சு. இன்னிக்கு எக்ஸ் கேம்ஸ்னு சொல்றோமே, அதேதான்.

அந்த மேடையோட ராஜா டேவ் மிர்ரா. 24 பதக்கம். 2016 பிப்ரவரியில, 41 வயசுல, அவரே தன் உயிரை முடிச்சுக்கிட்டார். பிறகு மூளையைப் பரிசோதிச்சப்ப சி.டி.இ. இருந்தது தெரிஞ்சுது. திரும்பத் திரும்பத் தலையில அடிபடுறவங்களுக்கு வர்ற மூளைச் சிதைவு அது. இந்த மாதிரி விளையாட்டுகள்ல அது கண்டறியப்பட்ட முதல் ஆள் அவர்தான். ரியோவுல தங்கம் வாங்கின கானர் ஃபீல்ட்ஸ் டோக்கியோ அரையிறுதியில விழுந்து மூளையில ரத்தக்கசிவோட ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்திரேலியாவோட காய் சகாகிபாரா 2020ல ஒரு உலகக் கோப்பை ரேஸ்ல விழுந்து வாரக்கணக்கா கோமாவுல கிடந்தார். அவர் தங்கச்சி சயா 2024 பாரிஸ்ல தங்கம் வாங்கினாங்க. அந்த ரேஸைப் பார்த்தா முக்கால் நிமிஷம்கூட இல்ல. எட்டுப் பேர், ஒரு உயரமான மேட்டுலருந்து இறக்கம், வரிசையா மண் மேடுகள். என் அக்கா இதைக் கேட்கக்கூடாதுன்னுதான் நினைச்சேன். கேட்டுட்டா.

2008 பெய்ஜிங்ல பி.எம்.எக்ஸ். ரேஸ் ஒலிம்பிக்குக்கு வந்துச்சு, டோக்கியோவுல ஃப்ரீஸ்டைல். "இனிமே அரசாங்கமே சம்பளம் குடுக்கும்ல மாமா?"ன்னான். பெத்தனி ஷ்ரீவர் கதையைச் சொன்னேன். ரியோவுக்குப் பிறகு பிரிட்டன் ஆண்கள் பி.எம்.எக்ஸ்.ஸுக்கு மட்டும் நிதி குடுத்துச்சு, பெண்களுக்கு நிறுத்திடுச்சு. அவங்க ஒரு பள்ளிக்கூடத்துல உதவி ஆசிரியையா பார்ட் டைம் வேலை பார்த்தாங்க, 50,000 பவுண்டு கேட்டு மக்கள்கிட்ட நிதி திரட்டினாங்க. 2021 ஜூலை 30ல தங்கம். ரெண்டு நாள் கழிச்சு ஃப்ரீஸ்டைல்ல தங்கம் வாங்கின சார்லட் வொர்திங்டன் அதுக்கு முன்னாடி மான்செஸ்டர்ல ஒரு மெக்சிகன் ஓட்டல்ல சமையல் வேலை பார்த்தவங்க. முதல் சுற்றுல விழுந்து, ரெண்டாவதுல 360 டிகிரி பேக்ஃபிளிப் போட்டு 97.50 எடுத்தாங்க.

இந்தியாவுல? சைக்கிள்ல மேல போனவங்க இருக்காங்க. 2019 ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்ல டீம் ஸ்பிரிண்ட் தங்கம் வாங்கின அணியில அந்தமான்காரர் எசோ ஆல்பன் இருந்தார். சுனாமி அடிச்ச அதே தீவுக்கூட்டத்துலருந்து வந்தவர் டெபோரா ஹெரால்ட். ஆனா அது வெலோட்ரோம் டிராக் சைக்கிளிங். டெல்லி இந்திரா காந்தி அரங்கத்துல மரத் தளம் போட்டு வச்சிருக்காங்க, அதுல ஓட்டினாங்க. கூனிமேட்டுல பேர்ல மட்டும்தான் மேடு இருக்கு. பி.எம்.எக்ஸ். மேடு கண்ணுக்கெட்டின தூரத்துக்கு இல்ல. உப்பளத்துக் கரை இன்னொருத்தரோட பிழைப்பு. அது இடிஞ்சா பாத்தித் தண்ணி போயிடும், ரெண்டு வாரக் கூலி போயிடும். எங்க அம்மா அந்தப் பாத்தியில நின்னவங்க, அதனால இதை மட்டும் பையனுக்குக் கறாரா சொல்லிட்டேன்.

கடைசியா அவனுக்கு நான் குடுத்த பதில் இது. மேட்டுல இருந்து குதிக்கிற வேலைக்கு இப்ப நம்மகிட்ட மேடும் இல்ல, விழுந்தா தூக்கிக்கிட்டு ஓட ஆளும் இல்ல. ஆனா ஃப்ளாட்லேண்டுன்னு ஒரு பிரிவு இருக்கு. சமதரையில, ஒத்தச் சக்கரத்துல, கால் தரையில படாம வண்டியைச் சுத்துறது. 2019ல இருந்து உலகச் சாம்பியன்ஷிப்ல அதுவும் இருக்கு. வேண்டியது ஒரு சிமெண்ட் தரை. நம்ம குப்பத்துல மீன் காய வைக்கிற தளம் சாயங்காலம் காலியாத்தானே கிடக்கு? அதுல சம்பளம் வருமான்னு கேட்டான். வராதுடா, ரொம்ப வருஷத்துக்கு வராதுன்னு சொன்னேன். ப்ளஸ் டூ முடிச்சு ஐ.டி.ஐ.ல வெல்டிங் சேருன்னு அக்கா சொல்லிக்கிட்டிருந்தா. அதுக்கு முறைச்சவன், நம்பர் பிளேட் வித்த ஹாரோ கதைக்குப் பிறகு கொஞ்சம் யோசிக்கிறான்.

சென்னையில செகண்ட் ஹேண்ட்ல ஒரு இருபது இன்ச் வண்டி கிடைச்சுது. ஹெல்மெட் புதுசு. ரெண்டையும் பஸ் மேல போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். மீன் தளத்தைக் கூட்டிவிட்டு இப்ப தினம் சாயங்காலம் ஓட்டுறான். ஆயா ஓரமா உக்காந்து, அவன் காலை ஊணுற வரைக்கும் சத்தமா எண்ணுறாங்க. போன வாரம் பதினொண்ணு வரைக்கும் வந்துச்சாம். "அந்தாளு ஏழு நாள் இறங்கல"ன்னு அவங்க சொன்னதுக்கு, பையன் மறுபடி ஏறிட்டான்.