ஒவ்வாமைச் சாஸ்திரமும் அதன் ஏடுகளும்

1819-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16-ஆம் தேதி, லண்டன் நகரத்து வைத்தியர்களும் ரணசிகிச்சை நிபுணர்களும் கூடிய சங்கத்தில், ஜான் பாஸ்டாக் என்னும் வைத்தியர் ஒரு நோயாளியின் விருத்தாந்தத்தைப் படித்தார். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தையொட்டிக் கண் சிவந்து நீர் வடிவதும், தும்மல் அடுக்கடுக்காய் எழுவதும், மார்பு இறுகி மூச்சுத் திணறுவதுமாகிய உபாதையால் இளமை தொட்டே வருந்திவந்த அந்த 46 வயதுக்காரரை 'ஜே.பி.' என்று மட்டுமே அவர் குறிப்பிட்டார். நோயாளி வேறு யாருமல்லர், பாஸ்டாக்கேதான். சங்கத்தின் வெளியீட்டுத் தொடரின் பத்தாம் தொகுதியில் அவ்விருத்தாந்தம் ஐந்தே பக்கங்களில் அச்சாயிற்று. 1828-இல் அவர் மறுபடியும் எழுதியபோது, அவ்வளவு காலம் தேடியும் அவருக்குக் கிடைத்த இத்தகைய நோயாளிகள் 28 பேரே.

பாஸ்டாக் வெயிலின் உஷ்ணத்தையே பெரிதும் சந்தேகித்தார். மகரந்தமே காரணம் என்பதைச் சோதனையால் நிலைநாட்டியவர், மான்செஸ்டரில் ஹோமியோபதி வைத்தியம் செய்துவந்த சார்லஸ் பிளாக்லி. அவரும் அந்நோயால் பீடிக்கப்பட்டவரே. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டங்களில் கட்டி வானில் ஏற்றி, மேலே மிதந்து வரும் மகரந்தத் துகள்களைப் பிடித்து எண்ணியும், தம் கையையே கீறி அதில் மகரந்தத்தை இட்டு அது தடிப்பதைக் கண்டும், பல ஆண்டுகள் பொறுமையோடு உழைத்த பிறகு 1873-இல் அவர் தம் நூலை வெளியிட்டார். பெரிய மருத்துவமனையின் ஆதரவோ, சர்வகலாசாலையின் பீடமோ அவருக்கு இருக்கவில்லை. இந்தச் சாஸ்திரத்தின் ஆரம்பம் இப்படித் தம் உடம்பையே ஏடாகக் கொண்டு படித்தவர்களால் ஆனது என்பதை நான் ஒரு விசேஷமாகவே கருதுகிறேன்.

பிறகு விஷயம் ஸ்தாபனங்களின் கைக்குப் போயிற்று. 1906-இல் வியன்னாவின் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 'அலர்ஜி' என்ற பெயரை முன்வைத்தது ஒரு ஜெர்மன் வாரப் பத்திரிகையில். 1911-இல் லெனார்ட் நூன் மகரந்தச் சாற்றை ஊசி வழியே ஏற்றிப் பயன் கண்டதை அறிவித்தது 'லான்செட்' பத்திரிகையில். 1929-இல் அமெரிக்காவில் ஒவ்வாமைக்கென்றே ஒரு பத்திரிகை தோன்றியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஆராய்ச்சி பெருகப் பெருக, வைத்திய சங்கங்கள் தம் சஞ்சிகைகளை வர்த்தகப் பதிப்பகங்களிடம் ஒப்படைத்தன. சந்தாத் தொகை ஆண்டுக்காண்டு ஏறி, செல்வம் மிக்க நூலகங்களும் சஞ்சிகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும் நிலை வந்தது.

1966-ஐ ஒட்டி, டென்வரில் இஷிஸாகா தம்பதியரும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்ஸன், பென்னிக் என்னும் இருவரும் தனித்தனியே கண்டறிந்த, ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருளுக்கு 1968-இல் 'ஐ.ஜி.ஈ.' என்ற பெயர் உறுதியாயிற்று. உப்சாலாவின் கண்டுபிடிப்பு, மைலோமா நோய் கொண்ட ஒருவருடைய ரத்தத்திலிருந்து கிடைத்தது. ரத்தம் கொடுத்தவர் நோயாளி. ஆராய்ச்சிக்குப் பணம் தருவோர் பெரும்பாலும் வரி செலுத்தும் குடிகள். எழுதுவோரும், எழுதியதைச் சோதித்துத் தேறுவோரும் வைத்தியர்கள், அதுவும் பெரும்பாலும் ஊதியமின்றி. இப்படி விளைந்த ஏட்டைப் படிக்க அவர்களே திரும்பவும் விலை கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இத்தனை காலம் நீடித்தது எனக்கு இன்றும் விந்தையாகத்தான் இருக்கிறது.

கதவு அசைந்தது அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில். அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களின் தலைவராயிருந்த ஹெரால்ட் வார்மஸ் 1999-இல் வெளியிட்ட யோசனையின் பயனாக, 2000-இல் 'பப்மெட் சென்ட்ரல்' என்ற இலவச மின்சேமிப்பகம் பிறந்தது. அதே ஆண்டில் லண்டனில் வீட்டெக் ட்ராஸ் நிறுவிய 'பயோமெட் சென்ட்ரல்' சந்தா இல்லாமலே பத்திரிகை நடத்தப் புகுந்தது. 2002 பிப்ரவரி 14 அன்று புடாபெஸ்ட் பிரகடனம் இந்த முறைக்கு ஒரு பெயரும் இலக்கணமும் தந்தது. சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் இக்கொள்கையை இந்திய விஞ்ஞானிகளிடையே இடைவிடாது வற்புறுத்திவந்தார். ஒவ்வாமைத் துறையில் 'கிளினிகல் அண்ட் மாலிகுலர் அலர்ஜி' 2003-இல் இவ்வழியில் தோன்றியது. கனடா நாட்டு ஒவ்வாமை வைத்தியர் சங்கத்தின் பத்திரிகையும் சில ஆண்டுகளில் அதே வழிக்கு வந்து சேர்ந்தது. பழைய சஞ்சிகைகளையும் மின்னுருவாக்கும் பணிக்கு வெல்கம் அறக்கட்டளை பொருளுதவி செய்தமையால், பாஸ்டாக்கின் ஐந்து பக்கங்களையும், உப்சாலா கண்டுபிடிப்பின் கட்டுரையையும் இன்று யாரும் காசின்றிப் படிக்கலாம்.

ஆயினும் செலவு மறைந்துவிடவில்லை. வாசகர் தலையிலிருந்து இறங்கிய சுமை ஆசிரியர் தலையில் ஏறியது. பயோமெட் சென்ட்ரல் 2002-இல் ஒரு கட்டுரைக்கு 500 டாலர் வாங்கத் தொடங்கியது. இன்று பல பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் கேட்கின்றன. கட்டணமே நோக்கமாய்ச் சோதனையின்றி எதையும் பிரசுரிக்கும் போலிச் சஞ்சிகைகளும் இந்த நிழலில்தான் முளைத்தன. ஏழை நாட்டவருக்கு விலக்கு உண்டு என்று பதிப்பகத்தார் சொல்வது மெய்யே. ஆனால், பிளாக்லியைப் போல் தம் சொந்த வைத்தியசாலையில் இருந்துகொண்டு ஆராயும் ஒருவர், நடுத்தர வருவாய் நாடொன்றில் பிறந்தாரானால், உலகத்தார் எழுதியதையெல்லாம் தடையின்றிப் படித்துவிட்டுத் தாம் கண்டதை அச்சேற்ற யாரிடம் பணம் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பார்.