கையில் 5,000 ரூபாய்தான் இருக்கு... தொழில் தொடங்கலாமா? முதலுக்கே மோசம் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

"வெறும் 5,000 ரூபாய் முதலீடு, மாதம் 50,000 வருமானம்!" யூடியூபை திறந்தால் இப்படி ஒரு தம்ப்நெயில் கண்ணில் படாத நாள் இல்லை. 5,000 ரூபாயில் தொழில் தொடங்க முடியுமா என்றால், முடியும். இட்லி மாவு, பூக்கட்டு, தள்ளுவண்டி சுண்டல், துணி தைப்பது என நம்ம தெருவிலேயே அதற்கு ஆள் இருக்காங்க. ஆனால் அந்த 5,000 ரூபாய் மூன்றாவது மாதமும் கையில் இருக்குமா என்பதை எந்த வீடியோவும் சொல்வதில்லை. சின்ன முதலீட்டில் ஆரம்பிக்கும் பல தொழில்கள் வியாபாரம் இல்லாமல் படுப்பதில்லை. வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே முதல் கரைந்துதான் படுக்கின்றன.

அது எப்படி கரைகிறது, எங்கே பணம் புரட்டலாம், எந்தப் பதிவு அவசியம் என்பதைப் பார்க்கலாம்.

இட்லி மாவு கணக்கு

எல்லாருக்கும் தெரிந்த இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இது ஒரு உதாரணக் கணக்கு மட்டும்தான்.

ஒரு கிலோ இட்லி அரிசி 50 ரூபாய், கால் கிலோ உளுந்து 35 ரூபாய், வெந்தயம், உப்பு, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 100 ரூபாய் செலவு. இதில் சுமார் 3 கிலோ மாவு கிடைக்கும். கிலோ 45 ரூபாய்க்கு விற்றால் 135 ரூபாய். நிற்பது 35 ரூபாய்.

ஒரு நாளைக்கு 15 கிலோ விற்றால் செலவு 500, வரவு 675, மிச்சம் 175 ரூபாய். இதில் ஊறவைத்து, அரைத்து, கவர் போட்டுக் கொடுத்தவருக்கு சம்பளம் சேரவில்லை என்பதைக் கவனிக்கணும்.

இப்போது 15 கிலோவில் 2 கிலோ விற்காமல் புளித்துப்போனால்? 90 ரூபாய் போச்சு. அன்றைய 175 ரூபாய் லாபம் 85 ஆகிவிடும். அதாவது 13 சதவீத மாவு வீணானால் லாபத்தில் பாதி காலி. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் முதல் மாதம் "பத்தலையே" என்று வாடிக்கையாளர் கேட்கும் அளவுக்கு குறைவாகவே அரைப்பார்கள். முந்தின நாளே ஆர்டர் சொல்லும் நாலு வீட்டை பிடித்து வைப்பது, பேனர் அடிப்பதைவிட முக்கியம்.

அடுத்த ஆபத்து கடன் சொல்லும் வாடிக்கையாளர். "மாசக் கடைசியில தர்றேன்க்கா" என்று தினமும் மூன்று பேர் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கினால் நாளைக்கு 135 ரூபாய் வெளியே நிற்கும். 30 நாளில் 4,050 ரூபாய். மொத்த முதலே 5,000தான். அவர்கள் நேர்மையானவர்களாக இருந்து ஒண்ணாம் தேதி கரெக்டா கொடுத்தாலும், அதற்குள் அரிசி வாங்க காசு இருக்காது. தெரிந்தவர்களிடம் எப்படி கறாரா இருப்பது என்று தயங்குகிறவர்கள், "வாரம் ஒரு தடவை கணக்கு முடிச்சிடுங்க" என்றாவது முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால்தான் மனஸ்தாபம் வரும்.

மூன்றாவது ஓட்டை வீட்டுக்குள்ளேயே இருக்கு. வியாபாரக் காசும் வீட்டுக் காசும் ஒரே டப்பாவில் இருந்தால், பிள்ளைக்கு ஃபீஸ், கேஸ் சிலிண்டர், கல்யாண மொய் எல்லாம் முதலில் இருந்துதான் போகும். ஜிபே வந்தபிறகு இது இன்னும் மோசம், எது வியாபாரப் பணம் என்றே தெரியாது. கியூஆர் கோடுக்கு தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்தாலே பாதி பிரச்சினை தீரும்.

இயந்திரம் உடனே வாங்கணுமா?

வேண்டாம். இருக்கும் முதலை முதல் நாளே பொருளாக மாற்றிவிட்டால், சரக்கு வாங்க கையில் எதுவும் நிற்காது. வீட்டு கிரைண்டரை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஓட்டுவது சிரமம்தான். ஆனால் வாங்க ஆள் இருக்கா என்று தெரியும்வரை அதுதான் மலிவான வழி. தையலுக்கும் இதே கதைதான். பவர் மெஷினுக்கு முன்னாடி பிளவுஸ் ஆர்டர் வரணும்.

தண்டல் வாங்கினால் என்ன ஆகும்?

சந்தையில் பலரும் போகும் வழி தண்டல். ஆதார் ஜெராக்ஸ் வேண்டாம், சிபில் ஸ்கோர் வேண்டாம், காலையில் கேட்டால் மதியம் பணம். அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கு.

வழக்கமான தண்டல் கணக்கு இப்படி இருக்கும். 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். "வெறும் 15 பர்சென்ட்தானே" என்று தோன்றும். ஆனால் தினமும் அசலை திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், முழுப் பணம் 100 நாளும் நம்மிடம் இருப்பதில்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது. மேலே பார்த்த மாவு வியாபாரத்தில் நாளைக்கு 175 ரூபாய் மிச்சம் என்றால், அதில் 100 ரூபாய் தண்டல்காரருக்கு. அன்றைக்கு 2 கிலோ மாவு மிஞ்சினால் தவணைக்கே 15 ரூபாய் குறையும்.

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, ஹவர் வட்டி, தண்டல் என எல்லாவற்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடும் சட்டம் அது. அதிக வட்டி வசூலித்தால் 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

அரசு வழியில் எங்கே பணம் கிடைக்கும்?

தெருவோரம், தள்ளுவண்டி, நடைபாதையில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு பிஎம் ஸ்வநிதி திட்டம் இருக்கு. கொரோனா காலத்தில், 2020 ஜூனில் வந்தது. 2025 ஆகஸ்டில் இதை 2030 மார்ச் வரை நீட்டிக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, முதல் கடன் 10,000 ரூபாயில் இருந்து 15,000 ஆகவும், இரண்டாவது கடன் 20,000 ரூபாயில் இருந்து 25,000 ஆகவும் உயர்ந்தது. மூன்றாவது கடன் 50,000 ரூபாய். ஒன்றை கட்டி முடித்தால்தான் அடுத்தது. பிணை வேண்டாம். தவணையை ஒழுங்காக கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரும். மாநகராட்சியோ நகராட்சியோ கொடுத்த தெரு வியாபாரி அடையாள அட்டை, விற்பனைச் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம் தேவை. வீட்டுக்குள் இருந்தே மாவு விற்கிறவர் இதில் வரமாட்டார்.

அவருக்கு முத்ரா கடன் பொருந்தும். இதில் சிஷு என்ற முதல் பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கேட்கலாம். என்ன தொழில், மாதம் எவ்வளவு விற்பனை என்று வங்கியில் கேட்பார்கள். மூன்று மாதக் கணக்கு நோட்டும், கியூஆர் கோடில் பணம் வந்த வங்கி ஸ்டேட்மென்ட்டும் இருந்தால் பேச்சு எளிது. பழைய செல்போன் இஎம்ஐ பாக்கி இருந்தால் அது சிபிலில் தெரியும், முதலில் அதை முடிக்கணும்.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் குழுக் கடனை முதலில் விசாரிப்பது நல்லது. கைவினைத் தொழில் செய்யும் 35 வயதைக் கடந்தவர்களுக்கு தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. மாவட்ட தொழில் மையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

என்னென்ன பதிவு வேணும்?

சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறை பதிவு வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும் விலக்கு இல்லை. சிறு வியாபாரிகளுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். எடைபோட்டு விற்றால் தராசுக்கு அரசு முத்திரை இருக்கணும். பொருள் மட்டும் விற்கும் தொழிலில், உள்ளூர் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதார் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கூகுளில் தேடினால் அரசு தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் விளம்பரமாக மேலே வரும். விண்ணப்பத்தை நிரப்பிய பிறகு ஆயிரம், ரெண்டாயிரம் கேட்பார்கள். அரசு தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும்.

இதேபோல "முத்ரா லோன் அப்ரூவ் ஆயிடுச்சு, பிராசசிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க" என்று வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தால் நம்ப வேண்டாம். முத்ராவுக்கு ஏஜென்ட்டே கிடையாது. வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங், முன்பணம் கட்டினால் பொருள் வரும் என்பதும் அதே வகைதான். பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கணும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணம் வேறு கணக்குக்குப் போவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கு.