நாள்காட்டியில் இடம்பெறாத ஒரு மாலை: 1971 டிசம்பர் 3-உம் பெங்களூரு கண்டோன்மென்ட்டும்

இந்தியாவின் டிசம்பர் ராணுவ நாள்களால் நிறைந்த மாதம். 4 கடற்படை நாள், 7 கொடிநாள், 16 வெற்றி நாள். 3 மட்டும் இந்த வரிசையில் இல்லை. 1971-இல் அந்தத் தேதியின் மாலையில்தான் பாகிஸ்தான் விமானப்படை முன்னறிவிப்பின்றி நம் விமானத்தளங்களைத் தாக்க, நாடு முறைப்படி போரில் இறங்கியது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்த நாளை, 1994-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தேசிய நினைவு நாளாகவே ஆக்கியது. அதே டிசம்பர் 7-இல் நாம் சட்டையில் கொடி குத்திக்கொண்டு முன்னாள் படைவீரர்களுக்கு நிதி திரட்டுகிறோம். அது 1949 முதல் இருந்துவரும் வழக்கம், பேர்ல் துறைமுகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடி வாங்கிய நாளை ஒரு நாடு நினைக்கிறது, எதிரி சரணடைந்த நாளை இன்னொரு நாடு நினைக்கிறது. இந்த வேறுபாடு எப்படி உண்டாயிற்று என்பதை பெங்களூரின் ஜீவனஹள்ளியில் நின்று பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

ஜீவனஹள்ளியில் எந்தக் குண்டும் விழவில்லை. ஆனால் காக்ஸ் டவுனை ஒட்டிய இந்தப் பகுதிக்குச் சற்றுத் தெற்கே, அல்சூர் ஏரிக்கரையில் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்களின் தலைமையகம் இருக்கிறது. அதற்கும் அப்பால் தென்கிழக்கே எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை. கண்டோன்மென்ட்டில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாற்றில் இந்த இரண்டில் ஒன்றாவது வந்து போகும். திடீர்த் தாக்குதல்களின் வரலாற்றில் இரண்டுக்குமே பங்குண்டு.

வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு 1940 டிசம்பரில் எச்.ஏ.எல்.லைத் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. போர் வங்கக் கடல் வரை வந்தது. 1942-இல் தொழிற்சாலை அரசின் கைக்குப் போயிற்று. 1943-இல் அது அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தளமாகவே மாறியது. ஹவாயில் விழுந்த அடியின் விளைவாக, பெங்களூரில் விமானம் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரு தொழிலாளர் தலைமுறை உருவாகியது என்று சொன்னால் அது மிகையாகாது. நேட் விமானங்களைப் பின்னாளில் உரிமம் பெற்றுக் கட்டியதும், கர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் விமானத்தை 1961-இல் பறக்கவிட்டதும் இதே தொழிற்சாலைதான்.

திடீர்த் தாக்குதல்களில் இந்தியாவுக்கு உண்மையில் வலித்த அடி 1971-இல் விழவில்லை, 1965 போரில் விழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 6 மாலை பதான்கோட் தளத்தில் வெட்டவெளியில் நின்ற சுமார் பத்து விமானங்களைப் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தரையிலேயே அழித்தன. அதை நாம் நினைவு நாளாக்கவில்லை, பாடமாக்கினோம். விமானங்களுக்குத் தடித்த சுவரும் கூரையும் கொண்ட கொட்டில்கள் எழும்பின. விமானங்களை ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி நிறுத்தும் முறை வந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1971 டிசம்பர் 3 அன்று, 1967-இல் இஸ்ரேல் எகிப்தின் விமானப்படையைத் தரையிலேயே முடித்துக்கட்டியதை முன்மாதிரியாகக் கொண்டு, பாகிஸ்தான் 'செங்கிஸ்கான்' என்ற பெயரில் தாக்கியபோது அந்தக் கொட்டில்கள் பயன் தந்தன. வெள்ளிக்கிழமை, பௌர்ணமிக்கு மறுநாள். மாலை 5.40 அளவில் தொடங்கி இரவு வரை அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர், அம்பாலா, ஆக்ரா, ஜோத்பூர் என்று பல தளங்களில் குண்டுகள் விழுந்தன. ஓடுபாதைகளில் பள்ளம் விழுந்தது. சில மணி நேரத்தில் செப்பனிட்டுவிட்டார்கள். தரையில் நின்ற விமானங்களுக்குப் பெரிய சேதமில்லை. கல்கத்தாவில் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்த இந்திரா காந்தி டெல்லி திரும்பி நள்ளிரவுக்குப் பின் வானொலியில் பேசினார். இந்திய விமானப்படையின் பதிலடி அந்த இரவிலேயே தொடங்கியது.

தோற்றுப்போன திடீர்த் தாக்குதலுக்கு யார் நினைவுச்சின்னம் எழுப்புவார்கள்? பேர்ல் துறைமுகத்தில் 2,403 பேர் இறந்தார்கள். துக்கம் அந்த நாளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இங்கே அப்படிக் கட்டிக்காக்க ஒரு துக்கம் இல்லை. ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். டிசம்பர் 3 இந்தியாவுக்கு எவ்வளவு எதிர்பாராதது என்பதே விவாதத்துக்கு உரியது. நவம்பர் 21-லேயே கிழக்குப் பாகிஸ்தானின் கரீப்பூரில் இந்தியப் படையும் வங்கதேச விடுதலைப் படையான முக்திவாகினியும் எல்லைக்கு அப்பால் போரிட்டன. மறுநாள் போய்ரா வானில் மாசி, கணபதி, லாசரஸ் ஆகியோர் ஓட்டிய நேட்கள் சேபர்களை வீழ்த்தின. பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் நவம்பர் 23-இல் நெருக்கடி நிலை அறிவித்தார். பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கியோ, இந்திய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடிக்கொண்டு வங்கக் கடலுக்கே வந்துவிட்டிருந்தது. கிழக்குக் கடற்படைத் தலைவர், நாகர்கோவிலில் பிறந்த நீலகண்ட கிருஷ்ணன், அதை ஏமாற்றி விசாகப்பட்டினத்துப் பக்கம் இழுத்தார். டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி அது அங்கே மூழ்கியது. பாகிஸ்தானின் கணக்கில் போர் நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. வங்கதேசத்துக்கு அது மார்ச் 25 இரவு டாக்காவில் தொடங்கியது. அவர்கள் அந்த நாளை இனப்படுகொலை நினைவு நாளாகவும், நவம்பர் 21-ஐ ஆயுதப்படை நாளாகவும் கடைப்பிடிக்கிறார்கள். டிசம்பர் 3-ஐ விழாவாக்கினால் இந்தியா நவம்பரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். வெற்றி நாளில் அந்தத் தொல்லை இல்லை.

பெங்களூரின் நினைவுச்சின்னங்களும் இதே வழியில்தான் போகின்றன. பிரிகேட் சாலையின் நினைவுத்தூண் முதல் உலகப்போர் காலத்துப் பயனியர் படையினருக்கானது. நேரு கோளரங்கத்தின் அருகிலுள்ள தேசிய ராணுவ நினைவகத்தின் வீரக்கல் எல்லாப் போர்களுக்கும் பொதுவானது. கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்தின் வெளியே மாருத் ஒன்று நிற்கிறது. குழந்தைகள் அதன் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ராணுவத்தில் 'தம்பிகள்' என்றே அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்களுக்கு 1971 என்றால் முதலில் வருவது பசந்தர் ஆறு. 9-ஆம் பொறியியல் ரெஜிமென்ட் அங்கே கண்ணிவெடி வயல்களில் டாங்கிகளுக்குப் பாதை திறந்தது. மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி அந்தப் பணியில் உயிரிழந்து மகாவீர் சக்கரம் பெற்றார். அவர்களின் பெருமையும் தாங்கள் செய்த வேலையைச் சுற்றியதே. எதிரி தொடங்கிய மாலையை அது தொடுவதில்லை.

டிசம்பர் 3-ஐ அரசின் காகிதங்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டன. அன்றிரவு குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அறிவித்த நெருக்கடி நிலை, போர் முடிந்தும் விலக்கப்படாமல், 1975-இன் நெருக்கடி நிலைக்கு அடியிலும் தொடர்ந்து 1977 மார்ச்சில்தான் நீங்கியது. எல்லை மாநிலங்களில் பணியாற்றியவர்களுக்கான சங்கிராம் பதக்கம், 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரையிலான சேவையைக் கணக்கில் எடுக்கிறது. கரீப்பூரிலும் போய்ராவிலும் போரிட்ட நாள்கள் அந்தக் கணக்குக்கு முந்தியவை.